தானாக நிற்கும் தண்ணீர்

ஜூன் 5, வியாழன்

சொர்ணம் தூத்துக்குடியிலிருந்து பேசினாள். அண்ணன் குளித்தானா என்று கேட்டாள். துடைத்துவிட்டேன் என்றேன். துடைப்பது குளிப்பதாகுமா என்றாள். ஆகாது. என் மகள் கேட்கும் கேள்விகளுக்கு எப்போதும் ஒரே ஒரு சரியான விடைதான் இருக்கும். அது என்னிடம் இருக்காது.

என் மனைவி உலகம்மை போய் ஆறு வாரம் ஆகிறது. அவள் இருந்தவரை நாயகத்தைக் குளிப்பாட்டுவது அவள் பொறுப்பு. நாற்பத்தொரு வயது மகனை, அவளைவிட ஒரு முழம் உயரமானவனை, ‘தண்ணி’, ‘போ’ என்று இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேசாதவனை, ஒரு வாளியையும் செம்பையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தாள் என்று நான் அருகில் நின்று பார்த்ததில்லை. நான் முன்னறையில் செய்தித்தாளோடு இருப்பேன். பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அவள் ஏதோ பேசிக்கொண்டே இருப்பாள். கடைசியில் வாளியைத் தரையில் கவிழ்க்கும் சத்தம். பிறகு இருவரும் உள்ளே வருவார்கள். என்ன பேசினாள் என்றாவது காது கொடுத்திருக்கலாம்.

நான் ஊற்றினால் அவனுக்குப் பிடிப்பதில்லை. முறையாகத்தான் செய்கிறேன். வெதுவெதுப்பான நீர். தலைக்கு மூன்று செம்பு, உடம்புக்கு ஏழு. பத்துச் செம்பு ஒருவருக்குத் தாராளம் என்பதால் மீதியை வாளியிலேயே விட்டுவிட்டுத் துண்டை எடுப்பேன். அப்போதுதான் தகராறு தொடங்கும். அதனால் இப்போது ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

இடது முழங்கையில் சிறு காயம். பீரோ கதவில் இடித்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

டாக்டர் வீட்டுக்கே வந்து நாயகத்தைப் பார்த்தார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் புண். களிம்பு எழுதிக்கொடுத்தார். ஆனால் தினமும் குளிக்காமல் களிம்பு தடவுவது அழுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போல என்றார். நான் முப்பத்தோராண்டு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். அவர் சொன்னதைப் பாடம் கேட்கும் மாணவனைப் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

நாயகத்தைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். ஆனி பிறக்கப்போகிறது, சாரல் தொடங்கிவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

அருவியில் மட்டும் அவனைக் குளிக்க வைத்துப் பழக்கம் எனக்கு உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பதால் அங்கே உலகம்மை அவனுடன் வர முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை நான்தான் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோவேன். கொண்டுபோவதில் ஒரு சிரமமும் இருக்காது. நீருக்கடியில் போய் நின்றதும் அவன் முகம் மாறிவிடும். வீட்டில் ஓயாமல் அசையும் விரல்கள்கூட நின்றுவிடும். வெளியே கூட்டி வருவதுதான் கஷ்டம். ஒவ்வோர் ஆண்டும் கஷ்டம்.

இன்று ஐந்தருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. சங்கிலி போட்டிருந்தார்கள். நாயகம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அருவியையே பார்த்தபடி நின்றான். ஒரு மணி நேரம் பார்க்கட்டும் என்று விட்டேன். பிறகு கூப்பிட்டேன். வரவில்லை. கார் ஓட்டி வந்த பையனும் டீக்கடையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏற்ற வேண்டியதாயிற்று. அவர்களுக்கு நன்றி சொன்னேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

திரும்பும் வழியில் என் நெற்றி கார்க் கண்ணாடியில் இடித்து வீங்கிவிட்டது. சாலையில் பள்ளம் அதிகம்.

ஜூன் 16, திங்கள்

ஒரு யோசனை. எழுதிப் பார்த்தால் அதன் அபத்தம் தெரிந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டின் தென்புறத்தில் கார் ஷெட் காலியாகக் கிடக்கிறது. காரை விற்று ஒன்பது ஆண்டாகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. கான்கிரீட் கூரை. சமையலறையிலிருந்து அதற்கு ஒரு கதவு உண்டு. அதை ஒரு பெரிய குளியலறையாக்கினால் என்ன? இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். கடையில் விற்கும் ஷவர் வேண்டாம், அது தூறல். மொட்டைமாடித் தொட்டி ஆயிரம் லிட்டர். அதன் அடியிலிருந்து இரண்டு அங்குலக் குழாயை நேரே இறக்கி, கூரையை ஒட்டி ஒரு நீளமான தகரத் தொட்டியில் விட்டால், அது நிரம்பி விளிம்பு வழியாகத் திரையாக விழும். சிறிய அருவி.

சாயங்காலம் வரை எழுதிப் பார்த்தும் அபத்தம் தெரியவில்லை. நான் எங்கோ தவறு செய்திருக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

சொர்ணமும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

மாப்பிள்ளை மகாலிங்கம் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். உலகம்மை ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்தவர். அவரிடம் மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழுவதில்லை. அவர் அப்படிப் படுத்திருக்காவிட்டாலும் எழுந்திருக்காது. மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளைதான்.

சாப்பாடு முடிந்ததும் சொர்ணம் விஷயத்தைச் சொன்னாள். மதுரைக்குப் பக்கத்தில் ஓர் இல்லம். நாயகம் மாதிரி பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதமே இருவரும் போய்ப் பார்த்துவிட்டார்கள். சுத்தமாக இருக்கிறதாம், தோட்டம் இருக்கிறதாம். இப்போது ஓர் இடம் காலி. என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நெற்றிக்குச் சாலைப் பள்ளத்தையும் முழங்கைக்குப் பீரோவையும் காரணமாகச் சொன்னேன். சரிப்பா என்றாள்.

அனுப்பும் நாளைக்கூட யோசித்து வைத்திருந்தார் மாப்பிள்ளை. “ஆடி வரப்போவுது மாமா. ஆடியில ஒரு ஆளை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டாம். ஆவணி ஒண்ணாந்தேதி வச்சுக்கிடுவோம்” என்றார்.

உள்ளே போய் வரைபடத் தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். அதுதான் என் பதில் என்று அவர்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இதைக் கட்டி முடித்து, அவன் தினமும் குளித்தால், என்று கேட்டேன். கேள்வியை முடிக்கவில்லை.

சொர்ணம் கணவரைப் பார்த்தாள். அவர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“குளிச்சு நல்லா இருந்தாம்னா எதுக்கு மாமா அனுப்பப்போறோம்? நாங்க என்ன பிரியப்பட்டா அனுப்புதோம்?”

ஆக, ஆவணி ஒன்று வரை எனக்கு நேரம் இருக்கிறது.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் தரையைத் தென்மேற்கு மூலை நோக்கிச் சரித்திருந்தேன். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. பாதாளச் சாக்கடை மேற்கே தெருவில் போகிறது. தென்மேற்கில் துளை வைத்தால் குழாய் நேர்கோட்டில் தெருவுக்குப் போய்விடும். கன்னிமூலையில் தண்ணீர் போனால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்றார் மாப்பிள்ளை. வாஸ்துவில் அவருக்கு நல்ல பயிற்சி. என் அம்புக்குறிகளை எல்லாம் அடித்துவிட்டு, வடகிழக்கு நோக்கி, ஈசானிய மூலைக்கு, புதிதாகப் போட்டார். ஈசானிய மூலை சமையலறைக் கதவை ஒட்டி இருக்கிறது. அங்கே விழும் தண்ணீர் கிழக்கே வெளியேறி, தெற்கே திரும்பி, பிறகு மேற்கே திரும்பி ஷெட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டும். குழாயின் நீளம் கூடும், சரிவு குறையும், வளைவுகள் வேறு.

“மாப்பிள்ளை, அதில ஒரு சின்ன…” என்றேன். அப்போது சொர்ணம் காப்பி கொண்டுவந்தாள்.

ஜூன் 23, திங்கள்

கணக்கு: தொட்டி நிறைந்திருக்கும்போது நிமிடத்துக்கு நூற்றைம்பது லிட்டர் விழும். மாப்பிள்ளையின் வழியில் அதில் பாதிகூடப் போகாது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

நானும் தவறலாம்.

ஜூலை 3, வியாழன்

பிளம்பர் ஜெபராஜ் வந்தார். கொத்து வேலையும் அவரே பார்ப்பார். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது குளிக்கதுக்கா, கோயில் யானையைக் குளுப்பாட்டுததுக்கா?” என்றார். நாயகத்தைக் காட்டினேன். “அப்ப சரிதான்” என்றார். நாயகத்துக்கு அவரைப் பிடித்துவிட்டது; அவர் கொண்டுவந்த குழாய்த் துண்டை வாங்கி அதன் வழியாக என்னைப் பார்த்தான். உலகம்மை போனபின் அவன் என்னைப் பார்த்து விளையாடியது இதுதான் முதல்முறை.

தரைச் சரிவின் வாட்டம் பற்றி ஜெபராஜிடம் மெதுவாகச் சொன்னேன். தென்மேற்குத்தான் சரி என்று ஒத்துக்கொண்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி. அப்புறம், “மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார்.

ஜூலை 11, வெள்ளி

ஆடிக்கு முன்பே தொடங்கியாக வேண்டும் என்று மாப்பிள்ளை நாள் பார்த்துக் கொடுத்திருந்தார். காலையில் பூசை. அவரே தூத்துக்குடியிலிருந்து வந்து ஈசானிய மூலையில் தேங்காய் உடைத்தார். ஜெபராஜ் சிலுவை போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். மூவருமாக நின்றபோது வாட்டத்தைப் பற்றி மாப்பிள்ளை கேட்க, ஈசானியம்தான் சரி என்றார் ஜெபராஜ். என் பக்கம் திரும்பவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் அவர். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஜூலை 19, சனி

மூன்று நாளாக ஜெபராஜ் வரவில்லை. பேட்டையில் ஒரு கல்யாண வீட்டில் குழாய் உடைந்துவிட்டதாம். சுவரில் வரி வரியாக வெட்டிப் போட்டிருக்கிறது. வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி. நாயகத்தின் புண்ணில் தூசி பட்டு அரிப்பு. களிம்பு தடவ விடுவதில்லை.

புண் காலுக்கும் வந்துவிட்டது. சொர்ணத்திடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம்.

ஜூலை 24, வியாழன்

இன்று தரை போட்டார்கள். போடுவதற்கு முன் மாப்பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். ‘மாப்பிள்ளை, தங்கள் அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் நீருக்குத் திசை தெரியாது, சரிவுதான் தெரியும்.’ இரண்டாவது வாக்கியம் வகுப்பறையில் சொல்வது போல் இருந்ததால் அடித்துவிட்டேன். முதல் வாக்கியம் மட்டும் மிஞ்சியது. அதைச் சொல்லத் தொலைபேசி வேண்டியதில்லை.

ஆனாலும் அழைத்தேன். மணி ஒலிக்கும்போதே எடுத்துவிட்டார். “சொல்லுங்க மாமா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நாயகம் நல்லா இருக்கானா?” பதறிவிட்டார் மனிதர். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். கன்னிமூலை உயரமா இருக்கட்டும் மாமா, நீங்க நூறு வருசம் இருக்கணும் என்றார்.

தரை வடகிழக்காகச் சரிந்து இறுகிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

மூக்குக் கண்ணாடி உடைந்தது. நாற்காலியில் வைத்திருந்ததை மறந்து நானே உட்கார்ந்துவிட்டேன். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தண்ணீரைத் திறக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று சொர்ணமும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். சொர்ணம் சித்திரான்னம் கிளறிக்கொண்டு வந்திருந்தாள். தகரத் தொட்டிக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்தாள். ஜெபராஜும் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்.

நான்தான் வால்வைத் திறந்தேன். அது சமையலறைக் கதவுக்கு வெளியே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. முதலில் குழாயில் காற்றுச் சத்தம். பிறகு தகரத் தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம். பிறகு, நான் தாளில் வரைந்தது போலவே, விளிம்பு முழுவதும் ஒரே சமயத்தில் வழிந்தது. சாளரத்து வெயில் அதன்மேல் பட்டது.

நாயகம் கூடத்தில் இருந்தான். நாங்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு அவனே வந்தான். கதவருகே நின்று பார்த்தான். சட்டையோடு உள்ளே போய் நீருக்கடியில் நின்றான். விரல்கள் நின்றுவிட்டன. “தண்ணி” என்றான். யாரிடமும் கேட்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

சொர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார். நான் இந்த நாளை இந்த இடத்திலேயே முடித்துவிட விரும்புகிறேன். ஆனால் நடந்ததை எழுத வேண்டும்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஈசானிய மூலையில் தண்ணீர் சுழன்றுகொண்டு நின்றது. நின்றது, ஏறியது, படியைத் தாண்டி சமையலறைக்குள் வந்தது. சொர்ணம் அரிசி மூட்டையைத் தூக்கினாள். ஜெபராஜ் சல்லடை மூடியைக் கழற்றக் குனிந்தார். கழற்றியும் பயன் இல்லை. தண்ணீர் கூடத்துக்குப் போய்விட்டது, மின்சாரப் பெட்டி தரையோடு இருக்கிறது என்று மாப்பிள்ளை கத்தினார். அவர்தான் ஓடிப்போய் வால்வை மூடினார். அந்த நேரத்தில் அது சரியான காரியம்தான்.

நீர் சட்டென்று நின்றது.

நாயகம் மேலே பார்த்தான். பிறகு வால்வைப் பார்த்தான். அவன் அலறியதைத் தெருவில் இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். நான் துண்டை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். ஈரத்தரை வழுக்கிவிட்டது. அவன் கை என்மேல் பட்டது அதனால்தான்.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை என் புருவத்துக்கு மேல் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றியபோது தோளிலும் விலாவிலும் இருந்த பழைய கன்றல்களையும் பார்த்துவிட்டார். பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இதெல்லாமும் பீரோவா மாமா?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொர்ணம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். “ஆவணி ஒண்ணு” என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கூடம் காயவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தபோது நாயகம் ஷெட்டில் தகரத் தொட்டிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. காப்பி கொடுத்தேன், வாங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மேலே பார்த்தபடி நின்றான்.

நான் என்ன செய்ய முடியும்? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிவிட்டு, வால்வைத் திறந்தேன். திறந்துவிட்டு அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் படியைத் தாண்டியது. மூடவேண்டும் என்று கைக்குச் சொன்னேன். கை மூடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை எழுதுவதில் தவறில்லை. சமையலறை போயிற்று, கூடம் போயிற்று, என் செருப்பு மிதந்துகொண்டு முன்னறைக்குப் போயிற்று.

தொட்டியில் மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும். பலநூறு மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் போட்டுக்காட்டிய சமன்பாடு. திரை மெலிந்தது. இரண்டாகப் பிரிந்தது. கயிறுகளாயிற்று. நூல்களாயிற்று. சொட்டியது. நாயகம் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிச் சொட்டுக்குப் பிறகும் சற்று நேரம் பார்த்தான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் நேராக என்னிடம் வந்தான். என் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனான்.

தண்ணீருக்குள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. உலகம்மை தினமும் கடைசியில் வாளியைத் தரையில் கவிழ்ப்பாளே, அந்தச் சத்தம். தீர்ந்துவிட்டது என்று அவனுக்குக் காட்டியிருக்கிறாள். அதை வீட்டு ஒழுங்கு என்று நினைத்துச் செய்தித்தாள் படித்திருக்கிறேன். நான் ஊற்றியபோது வாளியில் பாதித் தண்ணீர் இருக்கும். இருக்கும் தண்ணீரை ஏன் நிறுத்துகிறாய் என்று அவன் கேட்டிருக்கிறான், தனக்குத் தெரிந்த முறையில்.

அப்படியானால் ஒரு வாளி போதுமாயிருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்னொன்று. போகிற தண்ணீரைப் பற்றியே இரண்டு மாதம் யோசித்தேன். நிற்கிற தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. ஆயிரம் லிட்டரும் ஒரு சொட்டு வெளியேறாமல் அந்த அறையிலேயே நின்றாலும் நான்கு விரற்கடை உயரம்தான். கதவுப் படியை அரை அடி உயர்த்தினால் வீட்டுக்குள் வராது. பிறகு அது எந்த மூலை வழியாக வேண்டுமானாலும், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகட்டும். பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்கு.

ஜெபராஜைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. மீந்து கிடந்த செங்கலையும் சிமெண்டையும் வைத்து நானே கட்டினேன். கோணலாக வந்திருக்கிறது. நாயகம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கலாக எடுத்துக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பது அவனுக்குப் பிடித்திருக்கிறது, காலால் அளைகிறான். குளித்து முடித்ததும் களிம்பு தடவ விடுகிறான். அக்குள் புண் காயத் தொடங்கிவிட்டது.

சொர்ணத்துக்குத் தொலைபேசி செய்தேன். அவன் குளிக்கிறான் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள், குரலில் தெரிந்தது. ஆனால், “குளிக்கது இல்லப்பா இப்ப விஷயம். நீங்கதான் விஷயம். ஒரு நாள் நான் வந்து பாக்கும்போது நீங்க கீழ கிடந்தா?” என்றாள்.

இந்த வாரம் பீரோ கதவில் இடித்துக்கொள்ளவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எப்படிச் சொல்வது? முன்பும் நான் பீரோவில்தானே இடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டியளா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாயகத்தின் சட்டைகளைத் தேய்த்து வைத்தேன். எதையும் தீர்மானித்து அல்ல. கசங்கியிருந்தன.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

விடிந்ததும் அவனைக் குளிக்க விட்டேன். அவர்கள் எட்டு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை நாயகத்துக்குப் புது வேட்டி சட்டை எடுத்து வந்திருந்தார். புண் ஆறிய உடம்பையும் காய்ந்து கிடந்த சமையலறையையும் பார்த்தார். உயர்த்திக் கட்டிய படியை அவர் கவனிக்கவில்லை. தாண்டிக்கொண்டு போய் ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

“பாத்தியளா மாமா. ஈசானியத்துல வாட்டம் விட்டது வீண்போவல.”

“ஆமா மாப்பிள்ளை” என்றேன்.

புறப்படும்போது அவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “ஏதும் சொல்லணும்னா இப்பச் சொல்லிருங்க மாமா. பிறவு மனசுல வச்சுக்கிடாதீங்க” என்றார். இதைவிடக் கனிவாக யாரும் கேட்க முடியாது. நான் சொன்னேன்: வழிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரில் நாயகம் சாளரத்தோரம் உட்கார்ந்தான். குற்றாலம் என்று நினைத்திருப்பான். அவன் தலை இன்னும் ஈரமாக இருந்தது.

இல்லம் சொர்ணம் சொன்னது போலவே சுத்தமாக இருக்கிறது. தோட்டமும் இருக்கிறது. பொறுப்பாளர் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும். நிதானமாகப் பேசினார். கையெழுத்தெல்லாம் முடிந்து அவர் எழுந்தபோது நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். சொர்ணமும் மாப்பிள்ளையும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“குளிக்கும்போது தண்ணிய யாரும் நிறுத்தக்கூடாது. அதுவாத் தீரணும். வாளின்னா, முழுசா ஊத்திட்டு, கவுத்திக் காட்டணும். அவ்வளவுதான் அவனுக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

அந்த அம்மாள் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

“வாளி, செம்பு எதுவும் உள்ள விடுறதில்லைங்க சார். ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிருவாங்க. வரிசையா எட்டு ஷவர் இருக்கு. எல்லாருக்கும் சேத்து நாங்க வெளியில இருந்து திறந்து மூடுவோம்” என்றார்.

“தொட்டி தீர்ற வரைக்கும் விட்டா?”

“மோட்டார்த் தண்ணி சார். அது தீராது.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “பாத்துக்கிறோம் சார்” என்றார்.

நாயகம் தோட்டத்துக் குழாயடியில் நின்றிருந்தான். நாங்கள் அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் நல்லது என்றார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பழக்கத்தில் காலையில் வால்வைத் திறந்துவிட்டேன். திறந்தபிறகுதான் நினைவு வந்தது. மூடவில்லை. சொட்டி முடியும் வரை நின்றேன்.

பத்து மணிக்கு இல்லத்துக்குத் தொலைபேசி செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். நாயகம் குளித்தானா என்றேன். குளிச்சாரு சார், நல்லா இருக்காரு என்றாள். பெயரை முழுதாகச் சொல்வதற்குள் சொல்லிவிட்டாள். பின்னால் ஏதோ அலறல் கேட்டது. தொலைக்காட்சியாக இருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதுரைக்கு முதல் பேருந்து ஐந்து மணிக்கு என்று ஜெபராஜ் சொன்னார். எதுக்கு சார் என்றார். சும்மா ஒரு வேலை என்றேன்.

உலகம்மையின் வாளியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினேன். பிடி சற்று ஆடுகிறது. கம்பி போட்டு இறுக்கியாயிற்று. தரையில் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தேன். அதே சத்தம்தான்.

பேருந்தில் கொண்டுபோவதில் சிரமம் இல்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே விடுவார்களா என்றுதான் தெரியவில்லை.